பதில் எந்த வழியால் போகும்? மெய்நிகர் இயந்திரத்தில் இரண்டாவது வலையமைப்பு இடைமுகம்

2020 மார்ச் நடுவில் கொரோனாவால் இலங்கையின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, விடுதி மாணவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகல, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு வீடு என்றால் லயம், இணையம் என்றால் கைபேசியில் போட்ட டேட்டா. விரிவுரை அதற்குள்தான் வந்தாக வேண்டும். அந்த நாட்களில் ஒரு நல்ல காரியம் நடந்தது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முன்னின்று பேசியதில், பல்கலைக்கழகச் சேர்வர்களுக்குப் போய்வரும் தரவுக்குக் கைபேசிக் கம்பனிகள் காசு கழிக்காமல் விட்டன. லேர்ன் சேர்வர்கள் வழியாகப் போன ஜூம் வகுப்புகளும் இலவசமாக ஓடின.

எது இலவசம், எது காசு என்று கம்பனியின் இயந்திரம் எப்படிப் பிரித்தறிகிறது? பெரும்பாலும் முகவரியைப் பார்த்துத்தான். தரவுப் பொதி எந்த முகவரிக்குப் போகிறது, எந்த முகவரியிலிருந்து திரும்பி வருகிறது என்பதே கணக்கு. ஒரு சேர்வர் எந்த முகவரியிலிருந்து பேசுகிறது என்ற, சேர்வர் அறைக்காரர்கள் மட்டும் கவலைப்பட்டுவந்த கேள்வி, லயத்துப் பிள்ளையின் டேட்டாக் கணக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஒரே முகவரி உள்ள சேர்வருக்கு அந்தக் கேள்வியே எழாது. இரண்டாவது வலையமைப்பு இடைமுகத்தை, அதாவது இரண்டாவது அட்டையை, மாட்டிய நாளிலிருந்துதான் அது தொடங்குகிறது.

மெய்நிகர் இயந்திரத்தில் அதை மாட்டுவது பெரிய வேலையில்லை. மென்பொருளில் நாலு முறை சொடுக்கினால் புதிய இடைமுகம் வந்துவிடும், ஒரு முகவரியும் கொடுத்துவிடலாம். பிறகுதான் தொல்லை. பக்கத்து மேசையிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அடுத்த கட்டடத்திலிருந்து பார்த்தால் தொங்கும். தொழில்நுட்பர்கள் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் இந்தத் தொல்லைக்கு வேர் அநேகமாக எப்போதும் ஒன்றுதான். வரும் வழியை அமைத்தவர்கள் திரும்பும் வழியை அமைக்க மறந்துபோகிறார்கள்.

சபரகமுவ மாகாணத்தில் இந்த விஷயம் எங்கெல்லாம் எழும் என்று முதலில் பார்த்துவிடலாம். 1995இல் நிறுவப்பட்ட சபரகமுவ பல்கலைக்கழகம், சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காகப் பெலிஹுல்ஓயாவில் கட்டிய குடியிருப்புகளில் தொடங்கியது. அங்கே சேர்வர்கள் உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டச் செயலகங்களும் பிரதேச செயலகங்களும் அரசின் லங்கா அரசாங்க வலையமைப்பில் வருகின்றன. 1992இல் அரசு தோட்ட நிர்வாகத்தைப் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது பலாங்கொடை, ஹப்புகஸ்தென்ன, கஹவத்தை, கேகாலை என்று இந்த மண்ணின் பெயரிலேயே கம்பனிகள் உருவாயின. நிர்வாகத் தலைமை கொழும்பில், வேலை மலையில் என்பதால் இரண்டுக்கும் நடுவே கணக்குகள் ஓடிக்கொண்டே இருக்கும். தேயிலை விற்பனையும் மாறிவிட்டது. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்ரலில் முதன்முறையாக இணையத்துக்குப் போனது. அதன் பிறகு சபரகமுவவின் தாழ்நாட்டுத் தேயிலைக்கு விலை முடிவாவது ஒரு சேர்வரில்.

தனித்தனிக் கணினிகளை வாங்கி அடுக்காமல் ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் பழக்கம் இங்கே பரவியதற்கு, தொழில்நுட்ப மோகத்தைவிடக் கைச்செலவுதான் காரணம். 2022இல் டொலர் ஒரு சில மாதங்களில் 200 ரூபாயிலிருந்து 350க்கு மேல் ஏறியது. இரண்டு சேர்வர் வாங்க நினைத்தவர் ஒன்றோடு நின்றார். களு கங்கை பெருகினால் இரத்தினபுரி நகரத்தின் தரைமாடிகள் மூழ்கும். 2003 மே வெள்ளமும் 2017 மே வெள்ளமும் அதைக் காட்டிவிட்டுப் போயின. ஒரு பெட்டியைத் தூக்கி மேல்மாடியில் வைப்பது ஆறு பெட்டியைத் தூக்குவதைவிடச் சுலபம். மெய்நிகர் இயந்திரம் என்பது வட்டில் கிடக்கும் கோப்பு என்பதால் அதைப் பிரதி எடுத்து வேறிடத்திலும் வைக்கலாம்.

மெய்நிகர் இயந்திர நுட்பம் புதிதல்ல. ஐபிஎம் தன் பெருங்கணினிகளில் 1960களிலேயே இதைச் செய்துபார்த்தது. சாதாரணக் கணினிகளுக்கு 1999இல் விஎம்வேர் கொண்டுவந்தது. 2003இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஸென் வந்தது. 2007இல் லினக்ஸின் கருவுக்குள்ளேயே கேவிஎம் சேர்ந்தபோது, காசு கொடுக்காமல் எவரும் பயன்படுத்தலாம் என்றாயிற்று.

மெய்நிகர் இயந்திரத்தின் வலையமைப்பு அட்டையும் மென்பொருள்தான். ஆனால் உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு அது தெரியாது. அதற்கு ஒரு அட்டை தெரிகிறது, அட்டையின் மெக் என்ற வன்பொருள் முகவரியும் தெரிகிறது. முகவரியின் முதல் மூன்று பகுதிகளைப் பார்த்தே அனுபவசாலி ஊரைச் சொல்லிவிடுவார்: 52:54:00 என்றால் கேவிஎம், 00:50:56 என்றால் விஎம்வேர், 08:00:27 என்றால் வெர்ச்சுவல்பாக்ஸ். அட்டையில் இரண்டு இனம் உண்டு. ஒன்று இன்டெல்லின் பழைய கிகாபிட் அட்டை போல நடிப்பது. எந்த இயங்குதளமும் அதைப் புரிந்துகொள்ளும், வேகம் மட்டும் குறைவு. மற்றது வெர்ட்ஐஓ, விஎம்எக்ஸ்நெட்3 போன்றவை, தாங்கள் மெய்நிகர் என்பதை மறைக்காதவை. நடிப்புச் செலவு இல்லாததால் வேகம் அதிகம். ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸல் எழுதிய வெர்ட்ஐஓ 2008இல் லினக்ஸுக்குள் வந்தது. இரண்டாவது இடைமுகத்தை இன்று புதிதாகச் சேர்ப்பவர் இரண்டாவது இனத்தைத் தெரிவுசெய்தால் போதும். இதைப் பற்றி இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது அட்டையின் மறுமுனையைப் பற்றி. உண்மையான அட்டையில் கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். மெய்நிகர் அட்டையின் கம்பி, பெட்டிக்குள் இருக்கும் மெய்நிகர் சுவிட்சில் செருகப்படுகிறது. இரண்டு அட்டைகளையும் ஒரே சுவிட்சில், ஒரே வீலேனில் செருகிவிட்டு “வலையமைப்பைப் பிரித்துவிட்டோம்” என்று சொல்லும் அலுவலகங்கள் உண்டு. பிரியவில்லை, ஒரே அறைக்கு இரண்டு பெயர் வைத்ததுதான் நடந்திருக்கிறது. அதைவிட மோசம், இரண்டு அட்டைக்கும் ஒரே வலையமைப்பில் முகவரி கொடுப்பது. அவற்றில் ஒரு முகவரி யாருடையது என்று வலையமைப்பில் கேள்வி எழுந்தால், லினக்ஸ் எந்த அட்டையிலிருந்தும் “என்னுடையது” என்று பதில் சொல்லும் இயல்புடையது. முதல் அட்டைக்கு வர வேண்டியது இரண்டாவதுக்கு வரும், சில நிமிடம் கழித்து மாறும். ஆர்ப்_இக்னோர், ஆர்ப்_அனவுன்ஸ் என்ற இரண்டு அமைப்புகளால் அதை அடக்கலாம். அடக்க வேண்டிய நிலைக்கே போகாமல் இருப்பது மேல்.

சரி, இரண்டாவது இடைமுகம் எதற்கு? நேர்மையான காரணங்கள் சிலதான். நிர்வாகிகள் மட்டும் உள்ளே நுழையும் தனி வழி ஒன்று. சேமிப்பகத்துக்கும் காப்புப் பிரதிக்கும் போகும் கனத்த போக்குவரத்தைப் பொதுப் போக்குவரத்திலிருந்து விலக்கி வைப்பது இன்னொன்று. ஒன்றோடொன்று சேராத இரண்டு வலையமைப்புகளிலும் ஒரே சேவையைக் கொடுக்க வேண்டியிருப்பது மூன்றாவது. இரண்டு கம்பனிகளின் இணைய இணைப்பை இரண்டு அட்டையில் கட்டுவதையும் சிலர் நாலாவதாகச் சொல்வார்கள். அது ரௌட்டரின் வேலை, அதை ரௌட்டரிடமே விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது காரணத்தை ஒரு தோட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். தோட்டம் கற்பனை, நிலைமை கற்பனையல்ல. பெல்மதுளைப் பக்கம் ஒரு தோட்டம், அலுவலகம் மேட்டில், தொழிற்சாலை பள்ளத்தில். அலுவலகப் பெட்டியில் ஒரு மெய்நிகர் இயந்திரம் ஓடுகிறது. அதில்தான் தொழிலாளரின் வேலைப் பதிவான செக்ரோல் இருக்கிறது: யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், யார் எத்தனை கிலோ கொழுந்து. அலுவலக வலையமைப்பில் அதற்கு 192.168.10.5 என்ற முகவரி; வெளியே போகும் ரௌட்டர் 192.168.10.1. தொழிற்சாலைக்கு வேறு வலையமைப்பு இருப்பதால் இரண்டாவது இடைமுகம் சேர்த்து 10.50.0.5 என்று முகவரி வைக்கிறார்கள். அங்குள்ள ரௌட்டர் 10.50.0.1. அந்த ரௌட்டருக்கு அப்பால், கீழ் டிவிஷனில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் டிஜிட்டல் தராசோடு இணைந்த ஒரு கருவி, 10.51.0.20 என்ற முகவரியில். பின்னேரம் கொழுந்து நிறுத்ததும் கருவி செக்ரோலுக்குக் கணக்கை அனுப்ப வேண்டும்.

அனுப்புகிறது. முதல் பொதி 10.50.0.1 வழியாக மெய்நிகர் இயந்திரத்தின் இரண்டாவது இடைமுகத்துக்கு ஒழுங்காக வந்து சேர்கிறது. இனி பதில். இயந்திரம் தன் வழிப்பட்டியலைப் பார்க்கிறது. 192.168.10 தொடர் முதல் அட்டைப் பக்கம், 10.50.0 தொடர் இரண்டாவது அட்டைப் பக்கம். 10.51.0.20? பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத எல்லாம் டிஃபோல்ட் கேட்வேக்கு, அதாவது முதல் அட்டை வழியாக அலுவலக ரௌட்டருக்குப் போகும். கேள்வி பள்ளத்திலிருந்து வந்தது. பதில் மேட்டுப் பக்கமாகக் கிளம்பிவிட்டது. அலுவலக ஃபயர்வோல் அதைப் பார்க்கிறது: தான் கேள்வியையே பார்க்காத ஓர் உரையாடலின் பதில், தனக்குச் சம்பந்தமில்லாத 10.50.0.5 என்ற அனுப்புநர் முகவரியோடு. எறிந்துவிடுகிறது. மடுவத்தில் கருவி காத்துக்கொண்டிருக்கிறது.

தோட்டத்து ஆட்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. லயங்களுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்தின் பெயருக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி, நேர்முகத் தேர்வுத் திகதி கடந்த பிறகு வீடு வந்து சேர்ந்த கதைகள் ஏராளம். கடிதம் எழுதப்படாமல் போகவில்லை, வழிதான் தவறிப் போனது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. சில லினக்ஸ் இயந்திரங்களில் பதில் கிளம்பவே கிளம்பாது. ஆர்பி_ஃபில்டர் என்ற காவல் கண்டிப்பான நிலையில் இருந்தால், வந்த பொதியின் அனுப்புநருக்குப் பதில் போகும் வழி, அது வந்த அட்டை வழியாகவே இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் வாசலிலேயே பொதியைக் கொன்றுவிடும். போலி முகவரியோடு வரும் தாக்குதல்களைத் தடுக்க, இணையப் பொறியாளர்கள் 2000ஆம் ஆண்டிலும் 2004இலும் எழுதிய பரிந்துரைகளின் வழி வந்தது இந்தப் பழக்கம். நல்ல நோக்கம்தான். ரெட் ஹாட் குடும்பத்தில் நெடுங்காலமாகக் கண்டிப்பான நிலையே இயல்பு. தொல்லை தாங்காமல் பலர் செய்வது, இணையத்தில் பார்த்து இந்தக் காவலையே முழுதாக நிறுத்திவிடுவது. பொதி உள்ளே வரும், ஆனால் பதில் அதே தவறான வழியால்தான் போகும். காவல்காரரை அனுப்பிவிட்டதைத் தவிர வேறு லாபமில்லை.

இங்கே ஒரு பழைய விவாதத்தையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் இருக்கும் கணினிகள் எப்படி நடக்க வேண்டும் என்று 1989 அக்டோபரில் வெளியான ஆர்எப்சி 1122, இரண்டு அட்டை உள்ள கணினிக்கு இரண்டு மாதிரிகளைச் சொல்லியது. வலுவான மாதிரியில் முகவரி அட்டைக்குச் சொந்தம்: எந்த அட்டையின் முகவரியோ அந்த அட்டையால்தான் வரவும் போகவும் வேண்டும். தளர்வான மாதிரியில் முகவரி கணினிக்குச் சொந்தம்: எந்த அட்டையால் வந்தாலும் போனாலும் சரி. இரண்டில் எது சரி என்று அந்த ஆவணம் தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிட்டது. லினக்ஸ் தளர்வான பக்கம் நின்றது. விண்டோஸும் முன்னர் அப்படித்தான், விஸ்டாவும் சேர்வர் 2008உம் வந்தபோது வலுவான பக்கம் மாறியது. விண்டோஸில் பழகிய ஒருவர் லினக்ஸ் இயந்திரத்தில் இரண்டாவது அட்டை போடும்போது “இங்கே மட்டும் ஏன் இப்படி?” என்று தலையைச் சொறிவதற்கு இது ஒரு காரணம். தளர்வான மாதிரி ரௌட்டர்களுக்கும் விசேஷ அமைப்புகளுக்கும் வசதியானதுதான். ஆனால் சாதாரண சேர்வருக்கு அதை இயல்பாக வைத்தது, வைத்தவர்களுக்கு வசதி, மற்றவர்களுக்கு வேலை.

மடுவத்தின் பிரச்சினைக்கு மருந்து சின்னது. 10.51 தொடருக்கு வழி 10.50.0.1 என்று ஒரு நிலையான வரியைப் பட்டியலில் சேர்த்தால் பதில் பள்ளத்தின் பக்கமே திரும்பும், கண்டிப்பான காவலும் திருப்தியடையும். இரண்டாவது இடைமுகத்துக்கு அப்பால் உள்ள வலையமைப்புகள் எவை என்று முன்கூட்டியே தெரிந்த இடங்களில் இந்த ஒரு வரியே போதும். இரண்டாவது அட்டையிலும் ஒரு டிஃபோல்ட் கேட்வே எழுதிவிடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது பிரச்சினையைத் தீர்க்காது, நாளுக்கு ஒரு விதமாக மாற்றும். சாதாரணப் பட்டியலில் இரண்டு டிஃபோல்ட் இருந்தால், குறைந்த மெட்ரிக் எண் உள்ளது வெல்லும். மற்றது சும்மா கிடக்கும். எது வென்றது என்பது மறுதொடக்கத்துக்குப் பிறகு மாறினாலும் ஆச்சரியமில்லை.

நிலையான வரியால் தீராத நிலைமையும் உண்டு. அலுவலகத்தில் 192.168.10.30 என்ற கணினியில் இருக்கும் எழுதுவினைஞர், செக்ரோல் இயந்திரத்தைத் தெரியாமல் அதன் தொழிற்சாலை முகவரியான 10.50.0.5 கொண்டு அழைக்கிறார் என்று வைப்போம். கேள்வி ரௌட்டர்கள் வழியாகச் சுற்றி இரண்டாவது அட்டைக்கு வரும். பதிலோ, 192.168.10 தொடர் நேரடியாக முதல் அட்டையில் இருப்பதால் குறுக்கு வழியில் போய்விடும். இங்கே எந்த வரியைச் சேர்த்தாலும் பயனில்லை. போய்ச்சேர வேண்டிய முகவரியை மட்டும் பார்த்து வழி தீர்மானிக்கும் முறைக்கே இது எட்டாது. அனுப்புநர் முகவரியையும் பார்க்க வேண்டும்.

அதற்கான கருவி லினக்ஸில் 1999இல் வந்த 2.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ரஷ்யரான அலெக்ஸி குஸ்னெட்சோவ் எழுதிய ஐபி கட்டளைத் தொகுப்பில், ஒரு வழிப்பட்டியலுக்குப் பதிலாகப் பல பட்டியல்களை வைத்துக்கொள்ளலாம். எந்தப் பொதிக்கு எந்தப் பட்டியல் என்று விதி எழுதலாம். நம் இயந்திரத்துக்கு 100 என்று ஒரு தனிப் பட்டியல். அதில் இரண்டே வரி: 10.50.0 தொடர் இரண்டாவது அட்டையில் நேரடியாக இருக்கிறது, மற்றதெல்லாம் 10.50.0.1 வழியாக. பிறகு ஒரு விதி: அனுப்புநர் முகவரி 10.50.0.5 என்றிருந்தால் பட்டியல் 100ஐப் பார். அவ்வளவுதான். முதல் வரியை விட்டுவிட்டு டிஃபோல்டை மட்டும் எழுதுபவர்கள் அதிகம். அப்போது பக்கத்தில் இருக்கும் தொழிற்சாலைக் கணினிக்குப் போக வேண்டிய பதிலும் ரௌட்டரைச் சுற்றிக்கொண்டு போகும்.

சரியா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. “10.50.0.5இலிருந்து 10.51.0.20க்கு எந்த வழி?” என்று ஐபி ரூட் கெட் கட்டளையிடம் கேட்டால், அது தேடிப் பார்த்து அட்டையின் பெயரோடு ஒரு வரியில் பதில் சொல்லும். இரண்டு திரைகளில் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடவிட்டு, ஒன்றில் முதல் அட்டையையும் மற்றதில் இரண்டாவது அட்டையையும் கவனித்தால், வழி தவறியிருந்தால் கேள்வி ஒரு திரையிலும் பதில் மற்றதிலும் தோன்றுவதைக் கண்ணாலேயே காணலாம். பிங் வேலை செய்கிறது என்று திருப்திப்பட்டுப் போகிறவர்கள், அதே வலையமைப்புக்குள் இருந்து பிங் பண்ணிப் பார்த்தவர்களாகவே இருப்பார்கள். சேமிப்பகத்துக்கென்று தனி இடைமுகம் வைத்தவர்களுக்கு வேறொரு பொறியும் உண்டு. வேகத்துக்காகப் பொதியின் அளவை 1500இலிருந்து 9000 பைட்டுக்கு உயர்த்திவிட்டு, நடுவில் இருக்கும் ஒரு சுவிட்சில் மாற்ற மறந்துவிடுவார்கள். சின்னப் பொதிகள் போகும், பெரிய கோப்புகள் நடுவழியில் நிற்கும்.

இவ்வளவும் கட்டளையாகக் கையால் அடித்தவை என்றால், மின்சாரம் போகும் வரைதான் ஆயுள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. யூபிஎஸ் எத்தனை மணி தாங்கும்? இயந்திரங்கள் நின்று நின்று கிளம்பின. கட்டளையால் சேர்த்த வழியும் விதியும் நினைவகத்தில் மட்டுமே இருப்பவை, மறுதொடக்கத்தில் காணாமல் போகும். மாதக்கணக்காக ஒழுங்காக ஓடிய சேவை கரண்ட் வந்த பிறகு வேலை செய்யாவிட்டால், பழுது மின்சாரத்தில் என்றுதான் முதலில் தோன்றும்.

அமைப்பைக் கோப்பில் எழுதினால்தான் நிலைக்கும். உபுண்டுவில் 2017 முதல் அந்தக் கோப்பு நெட்பிளானுடையது. அதில் இடைவெளி ஒன்று பிசகினாலும் முழுக் கோப்பும் நிராகரிக்கப்படும். தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்காக நெட்பிளான் ட்ரை என்ற கட்டளை உண்டு. புதிய அமைப்பை ஏற்றிப் பார்த்து, இரண்டு நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடும். கொழும்பிலிருந்து தெரணியகல மலையிலுள்ள இயந்திரத்தைத் திருத்தும் ஒருவர் இதைத் தெரிந்து வைத்திருந்தால் ஒரு நாள் பயணம் மிச்சம். கிளவுட்-இனிட் இருக்கும் இயந்திரங்களில் இன்னும் ஒரு வினை: கையால் திருத்திய வலையமைப்புக் கோப்பை அது தன் விருப்பப்படி திரும்ப எழுதிவிடக்கூடும். அட்டைகளின் பெயரும் கவனிக்க வேண்டியது. முன்பு ஈத்0, ஈத்1 என்று கண்டுபிடித்த வரிசையில் பெயர் வந்ததால், ஒரு மறுதொடக்கத்தில் இரண்டும் இடம் மாறும் ஆபத்து இருந்தது. 2013இல் சிஸ்டம்டி, அட்டை செருகியிருக்கும் இடத்தைக் கொண்டு பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. பெயர் அழகாக இல்லை, ஆனால் மாறாது. மெக் முகவரியோடு பெயரைப் பிணைத்துவிட்டால் இன்னும் உறுதி. இயந்திரத்தைப் பிரதி எடுத்தால் மெக் முகவரி மாறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கிளவுட்டில் வாடகைக்கு எடுக்கும் இயந்திரங்களில் அடிப்படை இதுவேதான், வாசற்படி மட்டும் வேறு. அமேசான் 2011 இறுதியில் கழற்றி மாட்டக்கூடிய இடைமுகங்களைக் கொண்டுவந்தது. ஒரே உபவலையமைப்பில் இரண்டு இடைமுகம் போட்டால் வழி கோணலாகும் என்று அவர்களது ஆவணங்களே எச்சரிக்கின்றன. மைக்ரோசாஃப்டின் அஷூர் முதன்மை இடைமுகத்துக்கு மட்டும் டிஃபோல்ட் கேட்வே கொடுக்கிறது; மற்றதற்கு வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். இந்தத் தெரிவு சரியானது. தெரியாதவரைத் தவறு செய்யவிடாமல் காக்கிறது. கூகுளோ ஒவ்வோர் இடைமுகமும் வெவ்வேறு வலையமைப்பில் இருக்க வேண்டும் என்றே தொடக்கத்திலிருந்து வழமையாக வைத்திருந்தது.

பாதுகாப்பைப் பற்றிய பேச்சில்தான் இரண்டாவது இடைமுகத்துக்கு அதிகப்படியான மரியாதை கிடைக்கிறது. “காப்புப் பிரதிக்குத் தனி வலையமைப்பு வைத்திருக்கிறோம், பயமில்லை” என்று சொல்லக் கேட்கலாம். இலங்கைக்கு இதில் கசப்பான பாடம் ஒன்று இருக்கிறது. 2023 ஆகஸ்டில் லங்கா அரசாங்கக் கிளவுட் மீது கப்பம் கேட்கும் மென்பொருளின் தாக்குதல் நடந்தது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றில் அடக்கம். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்தின் மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. இணைப்பிலிருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்து பூட்டப்பட்டன, அந்தக் காலத்துக்கு இணைப்பற்ற பிரதி இருக்கவில்லை. மின்னஞ்சல் மென்பொருளும் 2013ஆம் ஆண்டின் பழைய பதிப்பு. பிறகுதான் தினமும் இணைப்பற்ற பிரதி எடுப்பதாக அறிவித்தார்கள்.

அந்தச் சேர்வர்களுக்கு எத்தனை இடைமுகம் இருந்தது என்பது இங்கே கேள்வியல்ல. எத்தனை இருந்தாலும் நடக்கக்கூடியது ஒன்றுதான். இரண்டு வலையமைப்பில் கால் வைத்திருக்கும் இயந்திரம் ஒன்றை எதிராளி பிடித்துவிட்டால் அவனுக்கு இரண்டு வலையமைப்பும் கிடைத்துவிடும். மெய்நிகர் இயந்திரத்தின் நிர்வாகியாக உள்ளே வந்தவன் அதன் எல்லா அட்டைகளையும் ஆள்வான். பொதிகளைக் கடத்திவிடும் ஐபி ஃபோவர்டை ஒரே கட்டளையில் திறந்துவிடுவான். தொழிற்சாலையின் இயந்திரங்களும் இணையமும் ஒரே செக்ரோல் சேர்வரில் சந்திப்பது, ஃபயர்வோலைச் சுற்றிக்கொண்டு பின்வழி வெட்டுவதற்குச் சமம்.

ஆகவே முதலிரண்டு காரணங்களுக்கும், அதாவது நிர்வாகத்துக்கும் சேமிப்பகத்துக்கும், இரண்டாவது இடைமுகம் தகும். அப்போதும் நிர்வாக வழியில் டிஃபோல்ட் கேட்வே வேண்டாம். நிர்வாகச் சேவை அந்த முகவரியில் மட்டும் செவிமடுக்கும்படி கட்டிவிட வேண்டும். எல்லா முகவரியிலும் திறந்து வைத்தால் தனி வழி வைத்ததில் அர்த்தமில்லை. காப்புப் பிரதியைச் சேர்வர் தள்ளுவதைவிட, காப்பகம் வந்து இழுத்துக்கொண்டு போவது மேல். அப்போது சேர்வரைப் பிடித்தவன் கையில் காப்பகத்தின் சாவி இருக்காது. கழற்றி வைக்கும் ஒரு வட்டு எந்த இடைமுகத்துக்கும் எட்டாது, அதற்கு ஈடு வேறில்லை.

மூன்றாவது காரணத்துக்கு, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் சிறிய அலுவலகங்களில் இரண்டாவது இடைமுகம் தேவையே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் தீர்ப்பு. செக்ரோல் இயந்திரத்துக்கு ஒரே ஓர் அட்டை, ஒரே ஒரு முகவரி போதும். மடுவத்துக் கருவி ஃபயர்வோல் வழியாக, அனுமதித்த ஒரே ஒரு போர்ட்டுக்கு வரட்டும். வந்த வழியே பதில் போகும். யார் எப்போது வந்தார் என்று பதிவும் ஓரிடத்தில் இருக்கும். கேட்கும்போது ஃபயர்வோல் செலவாகத் தோன்றும். ஆனால் பழைய கணினி ஒன்றில் இலவச மென்பொருளைக் கொண்டே அதை ஓட்டலாம். பல்கலைக்கழக மாணவர்கள் பயிற்சிக்காக அதைத்தான் செய்கிறார்கள்.

இருந்தும் இரண்டாவது இடைமுகம் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அமைத்த அன்றே இரண்டு காரியத்தைச் செய்துவிடுங்கள். வேறொரு வலையமைப்பிலிருந்து இரண்டு முகவரிகளையும் தனித்தனியாக அழைத்துப் பாருங்கள், பக்கத்து மேசையிலிருந்து வேண்டாம். பிறகு பெட்டியை முழுதாக நிறுத்தி, மறுபடி போட்டு, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.